அனிமேஷன் மாணவரின் படைப்பு வளர்ச்சி: வரைதல், வடிவமைப்பு, கதைசொல்லல் – ஒரு முழுமையான வழிகாட்டி

அனிமேஷன் படிக்க வருகிற மாணவர்களில் பலர் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். அதற்குரிய விடை சிறியது. இந்த வழிகாட்டியின் நடுவே ஒரு பத்தியில் அது முடிந்துவிடும். படைப்பாற்றல் வளர்கிற இடம் வேறு. கண்ணால் கண்டதைக் கோட்டில் பிடிக்கும் கை, ஒரு பாத்திரம் எத்தகையது என்பதைத் தோற்றத்திலேயே உணர்த்திவிடும் வடிவமைப்பு, அந்தப் பாத்திரம் ஏன் அசைகிறது என்பதற்குக் காரணம் தரும் கதை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வளரும்போதுதான் ஒருவர் அனிமேட்டராகிறார். பாடத்திட்டங்களில் இவை தனித்தனி வகுப்புகளாக இருப்பதால் மாணவர்களும் இவற்றைத் தனித்தனித் திறன்களாக எண்ணிவிடுகிறார்கள். அழகாக வரைபவரின் படத்தில் கதை இருப்பதில்லை. நல்ல கதை வைத்திருப்பவரின் பாத்திரத்துக்கு எடை இருப்பதில்லை. மூன்றையும் ஒரே சிறிய வேலைக்குள் கொண்டுவந்து பழகினால் இந்த இடைவெளி அடைபடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஓர் எடுத்துக்காட்டு நம்மோடு வரும். அது 30 விநாடிக் குறும்படம், உரையாடல் இல்லாதது. உயரத்துக்கு அஞ்சும் ஒரு பணியாளர், இருட்டில் ஏணியில் ஏறித் தெருவிளக்கின் பல்பை மாற்ற வேண்டும். இவ்வளவுதான் தொடக்கம். படிக்கும்போது இதன் இடத்தில் உங்கள் சொந்தக் கருவை வைத்துக்கொண்டு கூடவே வரைந்து வாருங்கள்.

படி 1: பார்த்து வரையும் பழக்கம்

எப்போதும் உடன் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய ஸ்கெட்ச் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். ரப்பர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அழிக்கலாம் என்று தெரிந்தால் கை தயங்கும். தயங்குகிற கை, உருவத்தின் விளிம்பைத் தேடி அலையும். அனிமேஷனுக்கு வேண்டிய வரைதல் விளிம்பை நகலெடுப்பதன்று, உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பிடிப்பது. ஜெஸ்ச்சர் வரைதல் எனப்படும் இந்தப் பயிற்சியில் ஒரு நிலைக்கு 30 விநாடி அல்லது 1 நிமிடம், மிஞ்சினால் 2 நிமிடம் மட்டும் ஒதுக்குங்கள். தலையிலிருந்து தரையில் ஊன்றிய கால்வரை உடலின் முழுப் போக்கையும் சொல்லும் ஒரே வளைகோட்டை முதலில் போடுங்கள். அடுத்து, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒருவர் ஒற்றைக் காலில் எடையை வைத்துத் தளர்வாக நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது. அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. இந்த எதிர்ச்சாய்வு கிடைத்துவிட்டால் முகமும் விரலும் உடையும் இல்லாமலேயே உருவம் நிற்கத் தொடங்கிவிடும்.

பேருந்துக்குக் காத்திருப்பவர், சுமை தூக்குபவர், விளையாடும் குழந்தை, சோம்பல் முறிக்கும் பூனை எல்லாமே மாதிரிகள்தாம். அவர்கள் நடுவில் அசைந்துவிடுவார்கள் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அசைந்த பிறகும் வரையக் கற்பதே இந்தப் பயிற்சியின் பயன். புகைப்படங்களைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றிலிருந்து மட்டுமே வரைந்து பழகினால், லென்ஸ் தட்டையாக்கிய உருவத்தையே நீங்களும் தட்டையாக வரைவீர்கள்.

அனிமேஷன் மாணவருக்கே உரிய ஒரு பயிற்சி, நினைவிலிருந்து வரைவது. ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதை ஒருமுறை கவனித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அதன் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று நிலைகளை வரையுங்கள். தொடக்கமும் முடிவும் எல்லோருக்கும் வந்துவிடும். நடுநிலைதான் தவறிப்போகும். எழுவதற்கு முன் பாதங்கள் பின்னே இழுக்கப்படுகின்றன, உடல் முன்னே சாய்கிறது, தலை பாதங்களுக்கு மேலாக வந்த பிறகுதான் இடுப்பு நாற்காலியை விட்டு மேலெழுகிறது. அந்த முன்சாய்வு இல்லாமல் எவராலும் எழ முடியாது. அனிமேஷன் பாடங்களில் முன்னாயத்தம் என்று பின்னால் படிக்கப்போகும் தத்துவத்தை நீங்கள் இங்கேயே கண்ணால் கற்றுவிடுகிறீர்கள். கண்ணால் கற்றது மறப்பதில்லை.

இது தொடக்கநிலை மாணவருக்கு மட்டுமான பாடம் என்று நினைக்க வேண்டாம். 1932ஆம் ஆண்டின் இறுதியில் டிஸ்னி ஸ்டுடியோ, டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரை அழைத்து, ஏற்கெனவே சம்பளம் வாங்கி வேலைசெய்துகொண்டிருந்த அனிமேட்டர்களுக்கே மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்புகளைத் தொடங்கியது. அசைவைக் கட்டம் கட்டமாகப் பார்க்க விரும்புவோருக்கு எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887இல் 781 தகடுகளாக வெளியிட்ட மனித, விலங்கு அசைவுப் புகைப்படத் தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. அதில் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் வரைய வேண்டியதில்லை. எந்த மூன்று கட்டங்கள் இருந்தால் செயல் புரிந்துவிடும் என்று தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வுதான் கற்றல்.

நம் குறும்படத்துக்காக, ஏணியில் ஏறுபவர்களைக் கவனித்து ஒரு பக்கம் நிறைய வரைய வேண்டும். பழகியவர் மேலே பார்க்கிறார், உடல் ஏணியிலிருந்து சற்று விலகியிருக்கிறது, ஒரு காலை அடுத்து மறுகால் அடுத்தடுத்த படிகளுக்குப் போகிறது. அஞ்சுபவர் ஏணியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்குப் போகிறார், மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல் தன் விரல்களையே பார்க்கிறார். கதை எழுதத் தொடங்கும் முன்பே, பாத்திரத்தின் உள்ளம் ஸ்கெட்ச் புத்தகத்தில் வந்துவிட்டது.

படி 2: உருவத்துக்குப் பருமன் தருதல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பயிற்சிதான் இதில் பெரிது. தலையைக் கோளமாகவும் மார்புக்கூட்டை முட்டைவடிவாகவும் இடுப்பைப் பெட்டியாகவும் கைகால்களை உருளைகளாகவும் கட்டி, அந்த முழுக் கட்டமைப்பையும் எட்டுக் கோணங்களில் சுழற்றி வரையுங்கள். வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு; ஒரு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ நான்கு தலை அளவு. இந்த அளவுகளை மீறுவதற்காகவே இவற்றைக் கற்கிறோம். மீறும்போது எதை, எந்தக் காரணத்துக்காக மீறினோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பார்ப்பவரின் கண்மட்டத்தைக் குறிக்கும் தொடுவானக் கோட்டை எங்கே வைக்கிறோம் என்பதையும் இப்போதே பழகிவிடுங்கள். கதையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்டோரிபோர்டு வரையும்போது அது இல்லாமல் ஓர் அங்குலமும் நகர முடியாது.

படி 3: அசைவின் இலக்கணம்

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 தனிப் படச்சட்டங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படம் வரைவது ஒன்ஸ். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்திவைப்பது டூஸ். டூஸில் விநாடிக்கு 12 படங்கள் போதும், பெரும்பாலான அசைவுகளுக்கு அது பொருந்தும். மாணவர் முதலில் டூஸில் பழகி, மிக வேகமான அசைவுகளுக்கும் கேமரா நகரும் இடங்களுக்கும் மட்டும் ஒன்ஸுக்குப் போவது நல்லது.

எல்லாப் பள்ளிகளிலும் முதல் பயிற்சி துள்ளும் பந்து. பலர் இதைச் சலிப்புடன் கடந்துவிடுகிறார்கள் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். நிலையிலிருந்து விடப்பட்ட பொருள் ஒன்று சமமான கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் வரிசையில் கூடிக்கொண்டே போகின்றன. ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்துக்கு அரை விநாடி ஆகிறது, அதாவது 12 ஃபிரேம், டூஸில் 6 படம். விழும் உயரத்தை 36 சம பங்குகளாகப் பிரித்து, அடுத்தடுத்த படங்களுக்கு இடையே 1, 3, 5, 7, 9, 11 பங்கு என்று இடைவெளி விட்டு வரைந்தால் பந்து உண்மையாக விழும். அதே 6 படங்களைச் சமமான இடைவெளியில் வைத்தால், பந்தை யாரோ நூல்கட்டி இறக்குவதுபோல் தெரியும். எடுத்துக்கொண்ட நேரம் இரண்டிலும் ஒன்றே; மாறியது இடைவெளி மட்டும். எத்தனை ஃபிரேம் என்பது டைமிங், அந்த ஃபிரேம்களுக்குள் படங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது ஸ்பேசிங். இந்த வேறுபாட்டைக் கையால் உணர்ந்த மாணவருக்குப் பின்னால் வரும் எந்த அசைவும் அச்சமூட்டாது.

பந்து தரையில் மோதும்போது நசுங்கலாம், வேகமாக விழும்போது நீளலாம். ஆனால் அதன் மொத்தப் பருமன் மாறக் கூடாது. அகலம் கூடினால் உயரம் குறைய வேண்டும். இதை முடித்ததும் ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை வரைந்து, ஒன்று இரும்புக் குண்டு, மற்றொன்று காற்றடைத்த பந்து என்று வண்ணமோ நிழலோ இல்லாமல் அசைவால் மட்டுமே காட்டுங்கள். அதன்பின் வால் கட்டிய பந்து. பந்து நின்ற பிறகும் வால் சற்று நேரம் போய்க்கொண்டிருக்கும் என்பதை அது கற்றுத்தரும். அடுத்தது மாவு மூட்டை. முகமோ கையோ இல்லாத ஒரு மூட்டை மகிழ்ச்சியையும் சோர்வையும் காட்ட வேண்டும் என்ற இந்தப் பயிற்சியில்தான் வரைதல் முதன்முறையாக நடிப்பாகிறது.

நடைக்கு நான்கு நிலைகள் அடிப்படை: குதிகால் தரையைத் தொடும் தொடுநிலை, எடை இறங்கி முழங்கால் மடங்கும் தாழ்நிலை, ஒரு கால் மற்றொன்றைக் கடக்கும் கடப்புநிலை, உடல் உயரும் மேல்நிலை. இயல்பான நடைக்கு ஓர் அடிக்கு 12 ஃபிரேம். 16 ஃபிரேம் வைத்தால் உலாவும் நடை, 8 ஃபிரேமில் அவசர ஓட்டம்போல் ஆகிவிடும். ஆனால் எண்கள் ஓர் உடலின் நடையைத்தான் தரும், ஒரு மனிதரின் நடையைத் தருவதில்லை. நம் பணியாளர் ஏணியை நோக்கி நடக்கும்போது, கால்கள் முன்னே போனாலும் மார்பு சற்றுப் பின்தங்கியிருக்கும். ஏணிக்கு அருகே வர வர அடிகள் குறுகும். அசைவின் இலக்கணமும் கதையும் சேர்கிற முதல் இடம் இது.

டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த அனிமேட்டர்களான பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்து எழுதிய பன்னிரண்டு தத்துவங்களை ஒவ்வொரு மாணவரும் படிக்கிறார். அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, நீங்கள் வரைந்த காட்சியில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதற்கான கேள்விகளாக வைத்துக்கொள்வது பயன் தரும். அசைவுக்கு முன் ஆயத்தம் இருக்கிறதா? பாதை வில்லாக வளைகிறதா? எல்லா உறுப்புகளும் ஒரே ஃபிரேமில் நின்றுவிடுகின்றனவா?

மென்பொருள் பற்றிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். காகிதக் கட்டும், தாளுக்கு அடியிலிருந்து ஒளி தரும் லைட்பாக்ஸும் இன்றும் சிறந்த தொடக்கம், ஏனெனில் தாள்களை விரல்களுக்கிடையே புரட்டிப் பார்க்கும்போது ஸ்பேசிங் உடலுக்குப் புரிகிறது. கணினியில் என்றால், கிரிட்டா இலவசமானது, வரைவதற்கு இனியது. டூன்ஸ் என்ற மென்பொருளின் திறமூல வடிவமான ஓபன்டூன்ஸ் 2016முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2002முதல் திறமூலமாக இருக்கும் பிளெண்டரில் முப்பரிமாணத்தோடு, கிரீஸ் பென்சில் என்ற கருவியால் இருபரிமாணமும் செய்யலாம். 2025இல் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற படம் பிளெண்டரில் உருவானதுதான். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஓராண்டு அதையே பயன்படுத்துங்கள். கருவி மாற்றுவதில் செலவாகும் காலம், வரைவதிலிருந்து திருடிய காலம்.

படி 4: பாத்திர வடிவமைப்பு

வடிவமைப்பு என்பது அலங்காரம் அன்று, முடிவெடுத்தல். முதல் சோதனை நிழலுரு. பாத்திரத்தை முழுக் கறுப்பாக நிரப்பிவிட்டுப் பாருங்கள். அவர் யார், என்ன செய்கிறார் என்பது அப்போதும் தெரிய வேண்டும். கைகள் உடலோடு ஒட்டி மறைந்துபோனால் நிலையை மாற்றுங்கள், உடலுக்கு வெளியே ஒரு வெற்றிடம் தெரியும்படி கையைத் தள்ளுங்கள்.

வட்டம் நட்பு, சதுரம் உறுதி, முக்கோணம் ஆபத்து என்று ஒரு வாய்ப்பாடு வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. தொடக்கத்துக்கு அது உதவும். விதியாகக் கொண்டால் எல்லோருடைய பாத்திரங்களும் ஒன்றுபோலாகிவிடும். அதைவிட நல்ல கேள்வி, இந்தப் பாத்திரத்தின் விருப்பமும் அச்சமும் உடலின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கின்றன என்பதுதான். நம் பணியாளருக்கு அச்சம் உயரத்தில். ஆகவே அவர் தரையைவிட்டுப் பிரிய மனமில்லாத உருவமாக இருக்கலாம்: எடை முழுவதும் கீழே தங்கிய பேரிக்காய் வடிவம், அகன்ற பெரிய பாதங்கள், குட்டையான கால்கள், சிறிய தலை. ஏணியோ மெல்லியது, நெடியது, செங்குத்துக் கோடுகளால் ஆனது. இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்தாலே சிக்கல் தெரிந்துவிடுகிறது. இடுப்பில் கருவிகள் தொங்கும் ஒரு பட்டை கொடுத்தால், அவர் நின்ற பிறகும் கருவிகள் ஆடிக்கொண்டிருக்கும். நடுக்கத்தைக் காட்டத் தனியே எதுவும் செய்ய வேண்டாம்.

பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவுகளை உருவத்துக்குள் கலந்து வையுங்கள். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கும் நிற்காது. வளைகோட்டுக்கு எதிரே நேர்கோட்டை வையுங்கள். அதோடு, இந்த உருவத்தை நீங்கள் பலநூறு முறை வரையப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். டூஸில் 30 விநாடிக்கு 360 படங்கள். சட்டையில் ஐந்து பொத்தான் போட்டால் 1,800 பொத்தான்களை வரைய வேண்டும். பொத்தான் கதைக்கு எதையும் சேர்க்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். எளிமையாக்குவது சோம்பலன்று, அனிமேஷன் வடிவமைப்பின் அறமே அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முன், முக்கால், பக்கம், பின் ஆகிய கோணங்களில் உயரங்கள் ஒத்துவரும்படி ஒரு மாதிரித் தாளைத் தயாரித்தபின், உணர்ச்சித் தாளுக்கு வாருங்கள். இங்கே நம் மொழியிலேயே ஒரு பெரிய கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் தருகிறது. மருட்கை புதுமையாலும் பிறக்கிறது, பெருமையாலும் பிறக்கிறது, சிறுமையாலும் பிறக்கிறது, ஆக்கத்தாலும் பிறக்கிறது. இதுவரை காணாத ஒன்றைக் கண்டு வியக்கும் முகமும் மிகச் சிறிய ஒன்றைக் குனிந்து பார்த்து வியக்கும் முகமும் ஒன்றாக இருக்க முடியாது. கழுத்தும் புருவமும் மூச்சும்கூட மாறுகின்றன. மாணவர்களின் உணர்ச்சித் தாள்கள் பெரும்பாலும் காரணமில்லாத எட்டு முகமூடிகளாக இருப்பதற்கு மருந்து இதுவே. உங்கள் பாத்திரத்துக்கு எட்டு மெய்ப்பாடுகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அது எதைக் கண்டு பிறந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். முகத்தை மட்டும் வரையாமல் முழு உடலையும் வரையுங்கள்.

வண்ணத்துக்குப் போகும் முன், காட்சியைக் கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்று தொனிகளில் மட்டும் தீட்டிப் பாருங்கள். அதில் பாத்திரம் பின்புலத்திலிருந்து பிரிந்து தெரியவில்லை என்றால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. நம் கதை இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடிகிறது. எனவே தொடக்கத்தில் நீலச்சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டு, மஞ்சளைப் பல்பு எரியும் கணம்வரை எங்கும் பயன்படுத்தாமல் சேமிக்கலாம்.

படி 5: கதையைக் கண்டெடுத்தல்

மாணவர்களின் முதல் கதைகள் அளவில் பெரியவை: உலகம் அழிகிறது, போர் நடக்கிறது, பத்துப் பாத்திரங்கள் வருகின்றன. 30 விநாடி என்பது 720 ஃபிரேம். அதில் ஒரு விருப்பம், ஒரு தடை, ஒரு மாற்றம் ஆகியவற்றுக்குத்தான் இடம் உண்டு. கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் கதை இன்னும் பிறக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

"உயரத்துக்கு அஞ்சும் பணியாளர் ஏணியில் ஏறிப் பல்பை மாற்றுகிறார்" என்ற வாக்கியத்தில் விருப்பமும் தடையும் உள்ளன, மாற்றம் இல்லை. அவர் அச்சத்தை வென்றுவிட்டார் என்று முடிப்பது எளிது, ஆனால் பார்ப்பவர் அதை முன்பே ஊகித்துவிடுவார். இங்கே ஒரு கேள்வி உதவும்: பாத்திரம் வெற்றிபெறும் அதே கணம் அவருக்கு எந்த வகையில் மிகக் கடினமானதாகவும் ஆகலாம்? அவர் ஏறியது இருட்டில். கீழே எவ்வளவு தூரம் என்று தெரியாததால்தான் அவரால் ஏற முடிந்தது. பல்பு எரிகிறது. வெளிச்சத்தில் தான் நிற்கும் உயரம் முதன்முறையாக அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் செய்த நல்ல வேலையே அவருடைய அச்சத்தை வெளிச்சமிட்டுக் காட்டிவிடுகிறது. இப்போது கதைக்கு ஒரு திருப்பம் கிடைத்திருக்கிறது. அது வெளியிலிருந்து வந்து விழவில்லை. பாத்திரம், இருட்டு, பல்பு என்று ஏற்கெனவே நம் கையில் இருந்தவற்றிலிருந்தே வந்தது. சிறிய படத்தில் இதுவே முக்கியம்.

ஒவ்வொரு நிகழ்வும் முந்தைய நிகழ்வின் விளைவாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு நிகழ்வை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நின்றால், அதை எடுத்துவிடுவதே சரி. அழகாக வரைந்துவிட்ட காட்சியை நீக்குவது வலிக்கும். அதை ஸ்கெட்ச் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு படத்துக்கு உதவும். கரு கிடைக்கவில்லை என்பவர்கள் முதல் படியில் நிரப்பிய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கலாம். யாரோ ஒருவர் குடையை இருகையாலும் இறுகப் பிடித்திருந்ததை நீங்கள் ஏன் வரைந்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் அங்கே ஒரு கதை இருக்கும்.

படி 6: ஸ்டோரிபோர்டும் அனிமேட்டிக்கும்

காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் முறை 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் உருப்பெற்றது. அதன் பயன் இன்றும் அதுவே. ஒரு தாளை எடுத்தெறிவது எளிது, அனிமேட் செய்து முடித்த காட்சியை எறிவது எளிதன்று. ஆகவே தபால்தலையைவிடச் சற்றே பெரிய 16:9 கட்டங்களில், ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் வரைந்து தள்ளுங்கள். ஒரே கதைக்கு மூன்று வேறு வரிசைகளைச் செய்து பாருங்கள்.

கேமராவின் இடத்தைக் கதை தீர்மானிக்கட்டும். ஏணியின் அடியில் நிற்கும் பணியாளரைக் காட்டும்போது கேமரா தாழ்ந்து மேல்நோக்கினால் ஏணி முடிவின்றி நீளும். அவர் ஏறும்போது அருகே வந்து விரல்களையும் படிகளையும் மட்டும் காட்டலாம், ஏனென்றால் அவரும் அவற்றை மட்டுமே பார்க்கிறார். மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், விளக்கு எரிந்த கணத்துக்காக வைத்திருங்கள். இரண்டு பொருள்களுக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு வரைந்து, கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், இடம் வலம் குழம்பாது. 30 விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு காட்சிகளுக்கு மேல் வேண்டாம்.

பிறகு கட்டங்களை எடிட்டிங் மென்பொருளில் வரிசைப்படுத்தி, நேரம் கொடுத்து, தற்காலிக ஒலியையும் சேர்த்தால் அனிமேட்டிக் தயார். காலடி, ஏணியின் முனகல், கருவிகள் உரசுவது, ஒரு மூச்சு இவ்வளவு போதும். இதைக் கதை தெரியாத ஒருவருக்கு எந்த விளக்கமும் தராமல் காட்டி, அவர் பார்த்ததைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அன்புக்காகப் பிடித்திருக்கிறது என்பார்கள். அவர் கதையைத் தவறாகச் சொல்லும் இடம் எதுவோ, அங்கே படம் தெளிவாக இல்லை. அந்த இடத்தைத் திருத்தாமல் ஒரு ஃபிரேம்கூட அனிமேட் செய்ய வேண்டாம்.

படி 7: பாத்திரத்தை நடிக்கவைத்தல்

முதலில் நீங்களே நடித்து வீடியோ எடுங்கள், ஏணிக்குப் பதில் தரையில் நின்றபடியே. அதை அப்படியே நகலெடுத்தால் அசைவு மந்தமாகிவிடும். அதிலிருந்து முக்கிய நிலைகளைத் தேர்ந்து, உடலின் முழுப் போக்கையும் சொல்லும் செயல்கோட்டை மிகைப்படுத்தி மீண்டும் வரையுங்கள். இவை கீ படங்கள். இரண்டு கீகளுக்கு இடையே உடல் எந்த வழியாகப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது பிரேக்டவுன். மீதி இடைவெளிகளை நிரப்புவது இன்பிட்வீன். எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்கும் என்பதை எக்ஸ்-ஷீட் என்ற ஃபிரேம் அட்டவணையில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பிரேக்டவுனை அவசரமாகக் கடக்காதீர்கள். தலையைத் திருப்பும் செயலில் நடுப்படம் சற்றுத் தாழ்ந்து வளைந்து போனால் அது ஒரு எண்ணத்தின் திருப்பம். நேராகப் போனால் வெறும் இயந்திரத் திருப்பம்.

எண்ணம் முதலில் கண்களில் தெரிய வேண்டும், பிறகு தலையில், பிறகு உடலில். விளக்கு எரிந்ததும் பணியாளர் உடனே நடுங்கத் தொடங்கக் கூடாது. முதலில் புன்னகை இருக்கிறது. கண் மட்டும் கீழே போகிறது, அங்கேயே நிற்கிறது, புன்னகை இன்னும் மாறவில்லை. ஓர் இமைப்பு. அதன் பிறகுதான் விரல்கள் ஏணியில் இறுகுகின்றன. அசையாமல் நிற்கும் அந்த ஒரு விநாடி, படத்தின் மிகச் சிறந்த அனிமேஷனாக இருக்கலாம். எதையாவது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பதற்றத்தை மாணவர் விட்டுவிடும் நாள், அவருடைய வளர்ச்சியில் பெரிய நாள்.

நம் படத்தில் பேச்சு இல்லை என்றாலும், உதட்டசைவைத் தனிப் பயிற்சியாகச் செய்ய வேண்டும். அதற்கான வாய்வடிவங்களைத் தமிழ் இலக்கணமே தந்திருக்கிறது. பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் இயைந்து பிறக்கின்றன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கின்றன. இவற்றோடு வாய் திறக்கும் அ, ஆ, இதழ் விரியும் இ, ஈ, எ, ஏ ஆகியவற்றையும் சேர்த்தால் அடிப்படைத் தொகுதி நிறைவடைந்துவிடும். எல்லா எழுத்துக்கும் வாயை மாற்ற வேண்டாம். அழுத்தம் விழும் அசைகளைப் பிடியுங்கள். ப, ம வரும் இடத்தில் இதழ் மூடியதைக் குறைந்தது இரண்டு ஃபிரேம்களாவது காட்டுங்கள், வாய்வடிவத்தை ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்னதாக வையுங்கள்.

படி 8: விமர்சனமும் திருத்தமும்

வேலையை முரட்டு வரைவாக இருக்கும்போதே காட்டுங்கள். சுத்தக்கோடு போட்ட பிறகு வரும் கருத்தை ஏற்க மனம் மறுக்கும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "அவர் ஏறத் தயங்குவது தெரிகிறதா, அல்லது களைத்திருப்பதாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் பயனுள்ள விடை வரும். கருத்து சொல்பவர்கள் தீர்வையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர்கள் சுட்டும் சிக்கலைப் பெரும்பாலும் நம்பலாம், தீர்வை நீங்களே தேடுங்கள். கண் பழகிப்போனால் படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், ஒலியை நிறுத்திப் பாருங்கள், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மற்றவரின் படத்துக்கு நீங்களும் கருத்து சொல்லுங்கள். பிறர் வேலையில் தவறைக் காரணத்தோடு விளக்கப் பழகியவருக்கு அது தன் வேலையிலும் தெரியத் தொடங்கும்.

படி 9: முடித்தல், ஷோரீல்

ஓராண்டில் ஒரு பெரிய படத்தைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, நான்கு சிறிய படங்களை ஒலி, பெயர்ப்பட்டியல் உட்பட முழுதாக முடிப்பது பல மடங்கு கற்றுத்தரும், ஏனெனில் சுத்தக்கோடு, வண்ணம், பாத்திரத்தையும் பின்புலத்தையும் ஒரே படமாக இணைக்கும் காம்போசிட்டிங், ஒலிக்கலவை ஆகிய கடைசிக்கட்ட வேலைகள் முடிப்பவருக்கு மட்டுமே அறிமுகமாகின்றன. காலம் போதாதபோது எல்லாக் காட்சிகளையும் சமமாகக் குறைக்காதீர்கள். விளக்கு எரியும் காட்சிக்கு முழு உழைப்பையும் கொடுத்து, நடந்து வரும் காட்சியை நிழலுருவாக எளிமைப்படுத்துவது நேர்மையான தீர்வு.

உங்கள் சிறந்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீல் ஒன்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். சிறந்த வேலை முதலில் வர வேண்டும், பலவீனமான வேலை எங்கும் வரக் கூடாது. குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று திரையிலேயே எழுதிவிடுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதற்கேற்ப ரீலை மாற்றுங்கள்: ஸ்டோரிபோர்டு கலைஞர் வேலைக்குப் பலகைகளும் அனிமேட்டிக்கும், பாத்திர வடிவமைப்புக்கு மாதிரித் தாள்களும் உணர்ச்சித் தாள்களும், அனிமேட்டர் வேலைக்கு அசைவும் நடிப்பும். அதோடு, ஸ்கெட்ச் புத்தகங்களையும் நிராகரித்த ஸ்டோரிபோர்டு வரிசைகளையும் முரட்டு வரைவுகளையும் மூலக் கோப்புகளையும் தேதியிட்டு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். முடிந்த படத்தைப் பார்த்தவர்கள் நேர்காணலில் அடுத்துக் கேட்பது, இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதைத்தான். ஏணியைப் பார்த்து நீங்கள் வரைந்த அந்தப் பக்கத்தை அப்போது எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.